சிறு பிராணிகளுக்கான மயக்கச் சுவாசச் சுற்று

நுவரெலியாவிலோ ஹட்டனிலோ சிறு பிராணிக்கு மயக்கமளிக்கும் மிருக வைத்தியர், மயக்க வாயுவை அதன் நுரையீரலுக்குக் கொண்டுசெல்லும் குழாய் அமைப்பான சுவாசச் சுற்றைத் தெரிவு செய்ய, முதலில் அதன் நிறையைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 10 கிலோகிராமுக்கு மேற்பட்ட நாய்க்குச் வெளிவிட்ட காற்றின் காபனீரொட்சைட்டை உறிஞ்சும் சோடாச் சுண்ணாம்பு கொண்ட வட்டச் சுற்றுப் பொருந்தும். அதற்குக் குறைந்த நிறையுடையவை வால்வுகளின் தடையை எதிர்த்து மூச்சிழுக்கச் சிரமப்படலாம் என்பதால், குழாய்க்குள் குழாய் அமைந்த பெய்ன் சுற்றையோ, பையுடன் கூடிய எளிய ஜாக்சன் ரீஸ் சுற்றையோ தெரிவு செய்வதே நல்லது.

இவ்விரண்டிலும் காபனீரொட்சைட்டை உறிஞ்சும் பொருள் கிடையாது. இயந்திரத்திலிருந்து வரும் புதுவாயுவின் (ஒட்சிசனும் மயக்க வாயுவும்) ஓட்டமே அதை வெளியேற்றுவதால், ஒரு கிலோகிராமுக்கு நிமிடத்திற்கு 400 முதல் 600 மில்லிலீற்றர் வரை, அதாவது 4 கிலோகிராம் பூனைக்கு 1.6 முதல் 2.4 லீற்றர் வரை, கொடுக்க வேண்டும். ஒட்சிசனில் சிக்கனம் பார்க்கும் இடம் இதுவன்று.

ஒவ்வொரு முறையும், பிராணியை இணைக்கும் முன்பே, வெளியேற்று வால்வை மூடி, பிராணியுடன் இணையும் முனையை விரலால் அடைத்து, அமுக்கத்தை 30 சென்ரிமீற்றர் நீர் அளவுக்கு உயர்த்தி, ஓட்டத்தை நிறுத்திய பின்னரும் அது இறங்காதிருக்கிறதா எனப் பார்க்கவும். உடனே வால்வைத் திறந்துவிட வேண்டும். மூடிய வால்வு நுரையீரலைக் கிழித்துவிடக்கூடும். பெய்ன் சுற்றின் உட்குழாய் கழன்றிருந்தால் வெளிவிட்ட காற்றே மீண்டும் உள்ளே செல்லும். உட்குழாயின் முனையை ஒரு கணம் அடைக்கும்போது ஓட்டமானியின் (வாயு ஓட்டத்தை அளக்கும் கருவியின்) மிதவை சற்றுத் தாழ்ந்தால் இணைப்புச் சரியே.

மலைநாட்டுக் குளிரில், உயர் ஓட்டத்துடன் வரும் உலர்ந்த வாயு உடல் வெப்பத்தை விரைவாகக் குறைக்குமாதலால், மயக்கம் தொடங்கும்போதே போர்வையும் வெந்நீர்ப் பையும், அப்பை நேரே தோலில் படாதவாறு, வைக்கப்பட வேண்டும்.