புத்தகக் காட்சியில் புதிய எழுத்தாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1977ஆம் ஆண்டு அண்ணா சாலையிலுள்ள மதரசா-இ-ஆசம் பள்ளி வளாகத்தில் சிறிய அளவில் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி, இன்று நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் பொங்கலை ஒட்டிப் பல நூறு அரங்குகளோடு நடைபெறுகிறது. முதல் நூலைக் கொண்டுவர விரும்பும் ஒருவர் தமிழ்ப் பதிப்புலகத்தை ஒரே கூரையின்கீழ் நடந்து பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு ஆண்டில் வேறில்லை. ஆனால் அங்கே வரும் புதியவர்களில் பலர், பார்க்க வேண்டிய இடத்தைக் கைப்பிரதி கொடுக்கும் இடமாக மட்டும் எண்ணி வந்து, மனம் சோர்ந்து திரும்புகிறார்கள்.

கைப்பிரதியைக் கையோடு எடுத்துவந்து நீட்டுவதே முதல் தவறு. காணும் பொங்கலன்று மாலை, இரண்டு வரிசைகளாக நிற்கும் வாசகர்களுக்கு ரசீது போட்டபடியே, கிடங்கிலிருந்து வந்த கட்டுகளையும் பிரிக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் பதிப்பாளரால் உங்கள் நாவலின் முதல் பக்கத்தைக்கூடப் படிக்க இயலாது. அவர் வாங்கி மேசைக்கடியில் வைத்தாலும், அது விலைப்பட்டியல்களோடும் காலிப் பெட்டிகளோடும் கலந்துவிடவே வாய்ப்பு அதிகம். மேலும், ஜனவரியில் வெளியாகும் நூல்களுக்கான தேர்வும் மெய்ப்பும் (அச்சுக்கு முந்தைய பிழைதிருத்தம்) அட்டை வடிவமைப்பும் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும். பேச விரும்பினால், கூட்டம் குறைந்த வேலைநாளின் பிற்பகலில் சென்று, கைப்பிரதிகளை எப்போது, எந்த வடிவில் அனுப்பலாம் என்பதை மட்டும் கேட்டறிவது போதும்.

நூல்களின் முகப்பட்டையை மட்டும் பார்த்துவிட்டு நகர்வது அடுத்த தவறு. நீங்கள் அணுக எண்ணும் பதிப்பகத்தின் அரங்கில் ஐந்தாறு நூல்களை எடுத்து, உரிமைப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முதற்பதிப்பு எந்த ஆண்டு வந்தது, மறுபதிப்பு கண்டதா, பதிப்புரிமை எழுத்தாளர் பெயரில் இருக்கிறதா பதிப்பகத்தின் பெயரில் இருக்கிறதா, எத்தனை பக்கங்களுக்கு என்ன விலை வைத்திருக்கிறார்கள் என்பவை அந்த ஒரு பக்கத்தையும் பின்னட்டையையும் வைத்தே ஓரளவு தெரிந்துவிடும். மொழிபெயர்ப்புகளையே பெரிதும் வெளியிடும் ஒரு பதிப்பகத்துக்குக் கவிதைத் தொகுப்பை அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் வருத்தத்தை இந்த ஒரு மணிநேர வேலை தடுத்துவிடும். பெரிய அரங்குகளோடு நின்றுவிடாமல், ஓரத்து வரிசைகளில் இருக்கும் சிறு பதிப்பகங்களையும் கட்டாயம் பார்க்க வேண்டும். புதியவர்களின் முதல் நூல்கள் அங்கேதான் நிறைய வருகின்றன.

மிகவும் கவலை தரும் தவறு, அரங்கில் நின்றபடியே வாய்மொழியாக ஒப்புக்கொண்டு பணம் கொடுத்துவிடுவது. எழுத்தாளரின் செலவில் நூல் போடுவது குற்றமன்று. தெரிந்தே அவ்வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. ஆனால் எத்தனை படிகள் அச்சாகும், அவற்றில் எழுத்தாளருக்கு எத்தனை, எந்தக் கடைகளுக்குச் செல்லும், நூலக ஆணை (பொது நூலகங்களுக்காக அரசு நூலை வாங்கும் ஆணை) கிடைத்தால் அந்தத் தொகை யாருக்கு, மின்னூல் உரிமையும் ஒலிநூல் உரிமையும் யாரிடம் இருக்கும் என்பவற்றைக் கேட்காமல் பணத்தைக் கொடுத்தவர்கள், பிற்பாடு வீட்டில் அடுக்கிக் கிடக்கும் கட்டுகளோடு தனித்து விடப்படுகிறார்கள்.

இந்த இடத்தில் சட்டம் எழுத்தாளருக்குத் துணையாக நிற்கிறது என்பது பலருக்குத் தெரியாதது வேதனைக்குரியது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமையை மாற்றித் தருவது எழுத்து வடிவில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் அது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே எனவும், நிலப்பரப்பு குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டுமே எனவும் கொள்ளப்படும். உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அந்த உரிமை மாற்றமே காலாவதியாகிவிடும். ஆகவே ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’, ‘எல்லா வடிவங்களிலும்’ என்ற சொற்கள் இருக்கும் தாளில் அவசரப்பட்டுக் கையொப்பமிடக் கூடாது. ஒவ்வொரு நூலையும் அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கெனத் தனிக் கட்டணம் கேட்டாலும் தயங்குங்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதனை இலவசமாகவே வழங்குகிறது, எழுத்தாளரே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

எப்படியாவது இந்த ஜனவரிக்குள் நூல் வந்துவிட வேண்டும் என்று டிசம்பரில் நெருக்குவதும் தவறு. மெய்ப்புப் பார்க்க நேரமில்லாமல் ஒற்றுப்பிழைகளோடு வரும் நூல், நூற்றுக்கணக்கான புதுவரவுகளுக்கு நடுவே கவனம் பெறாமலும் போய்விடுகிறது. ஜனவரியைத் தவறவிட்டால் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. ஈரோட்டில் ஆகஸ்டில் பெருங்கூட்டத்தோடு புத்தகத் திருவிழா நடக்கிறது. மற்ற மாவட்டங்களிலும் இப்போது நடக்கின்றன.

2023ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சியையும் பபாசி (தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர்கள் மற்றும் பதிப்பாளர்கள் சங்கம்) பொங்கலை ஒட்டி நடத்தும், இதுவரை பேசிய காட்சியையும் ஒன்றெனக் கருதுவோர் இருக்கிறார்கள். முன்னது நூல் விற்பனைக்கானது அன்று; பதிப்பாளர்களும் இலக்கிய முகவர்களும் அமர்ந்து மொழிபெயர்ப்பு உரிமைகளைப் பேசுவதற்கானது. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் புத்தகக் காட்சியில் பதிப்புத் துறையினருக்கென ஒதுக்கப்படும் முதல் நாட்களைப் போலவே, இங்கும் சந்திப்புகளை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு வருகிறார்கள். வெளிவராத கைப்பிரதியோடு அங்கே போவதில் பயன் குறைவு. நூல் வெளிவந்து பிறமொழி உரிமை உங்களிடமே இருந்தால், ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கமும் மாதிரி அத்தியாயத்தின் மொழிபெயர்ப்பும் தயாராக வைத்திருப்பது உதவும்.

காட்சி முடிந்த மறுவாரமே எல்லாப் பதிப்பகங்களுக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பிவிடாதீர்கள். கணக்கு முடித்து, திரும்பிவந்த கட்டுகளைக் கிடங்கில் அடுக்க அவர்களுக்குச் சில வாரங்கள் ஆகும். மார்ச் மாதவாக்கில், அரங்கில் பார்த்துத் தேர்ந்த இரண்டு மூன்று பதிப்பகங்களுக்குத் தனித்தனியே எழுதுங்கள். அவர்களுடைய எந்த நூலைப் படித்ததால் அவர்களை நாடுகிறீர்கள் என்று ஒரு வரி, உங்கள் நூலைப் பற்றி ஒரு பத்தி, முதல் இரண்டு அத்தியாயங்கள், தொலைபேசி எண். அந்த அளவே அவர்கள் படித்து முடிவெடுக்கப் போதுமானது.