கோழிக்குக் ‘குடல்’ வெளியில் வந்தால்: அறுக்க முதல் செய்து பார்க்க வேண்டியவை

விடிய ஆறரை மணி. மதிலுக்கு அங்கால நின்று பக்கத்து வீட்டு மாமி கூப்பிட்டார். “பிள்ளை, உன்ர சிவத்திக்குக் குடல் வெளியில வந்திட்டு. இனித் தப்பாது. அறுத்துக் கறியை வை.”

ஓடிப்போய்ப் பார்த்தால், வாலுக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவில் சிவப்பாக, ஈரமாக ஒன்று தொங்குகிறது. திருகோணமலையில் எங்கள் அலஸ்தோட்டத்து முற்றம் முழுக்கக் கடல்மணல். எள்ளுருண்டையில் எள்ளு மாதிரி அந்தச் சிவப்பு முழுக்க மணல் அப்பியிருக்கிறது. மற்ற மூன்று கோழிகளும் அவளுக்குப் பின்னாலேயே சுற்றுகின்றன. வேலியில் ஒரு காகம்.

சிவத்தி இப்போதும் முற்றத்தில் கிளறிக்கொண்டு திரிகிறாள். அவளுக்கு முதல் இருந்த கறுப்பிதான் இல்லை. கறுப்பிக்கு இதே வருத்தம் வந்தபோது கையில் தேங்காயெண்ணெயைத் தடவி, வந்ததை அப்படியே உள்ளே தள்ளி, கூட்டுக்குள் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வரும்போது அது மறுபடி வெளியே வந்து, மற்றக் கோழிகள் கொத்தி இழுத்து, எல்லாம் முடிந்திருந்தது. உள்ளே தள்ளுவது ஐந்து நிமிட வேலை. அதற்கு முதல் ஒரு மணித்தியால வேலையும், அதற்குப் பிறகு பத்து நாள் வேலையும் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்ன வருத்தம் என்று முதலில் பாருங்கள்

வெளியில் வந்தது பெரும்பாலும் குடல் இல்லை. கோழிக்கு எச்சம் போகவும் முட்டை வரவும் வெளியில் ஒரே வாசல்தான். முட்டையிடும்போது முட்டைக் குழாயின் கடைசிப் பகுதி முட்டையோடு சேர்ந்து வெளியே பிதுங்கும். முட்டையை விட்டதும் உள்ளே திரும்பிவிடும். முட்டையில் எச்சம் படாமல் இருக்க உடம்பிலேயே உள்ள ஏற்பாடு இது. ஆகவே முட்டையிட்ட கையோடு சில விநாடி சிவப்புத் தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. போன பகுதி திரும்பி வராமல் வெளியிலேயே நின்றுவிட்டால்தான் ஆபத்து.

வேறு மூன்று வருத்தங்களையும் இதோடு குழப்பிக்கொள்வார்கள். சிவப்பு ஒன்றும் தொங்காமல், வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பசைபோல வடிந்து, இறகு ஒட்டி, கிட்டப் போனாலே புளித்த நாற்றம் அடித்தால் அது துவாரத்தில் வந்த அழற்சி. அதைக் கழுவலாம், ஆனால் மருந்து மிருக வைத்தியர்தான் சொல்ல வேண்டும். கோழி வாலைத் தொங்கப் போட்டு, நிமிர்ந்து நின்று முக்கிக்கொண்டே இருந்தால் உள்ளே முட்டை சிக்கியிருக்கலாம். துவாரத்தைச் சுற்றி அரிசிக் குருணல் மாதிரி வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் அது ஈ முட்டை. எங்கள் ஊர் வெக்கைக்கு அது ஒரு நாளுக்குள்ளேயே புழுவாகிவிடும்.

1. பிரித்தெடுங்கள், உடனே

சாமான் தேடப் போக முதல் இதைச் செய்யுங்கள். சிவப்பைக் கண்டால் கோழி கொத்தும். அதில் பகை ஒன்றும் இல்லை, அதன் குணம் அது. ஒரு கோழி இழுத்துவிட்டால் பிறகு உண்மையாகவே குடல் வரும். கரப்பால் மூடுங்கள், இல்லாவிட்டால் காட்போட் பெட்டிக்குள் பழைய துவாயை விரித்து வையுங்கள். உமி, மரத்தூள், மணல் மூன்றும் வேண்டாம், எல்லாம் ஒட்டும்.

2. சாமான்கள்

கொதித்தாறிய தண்ணீர், உப்பு, வெள்ளைச் சீனி, வசலீன், பார்மசியில் வாங்கும் கையுறை, ஊசி இல்லாத 20 மில்லிலீற்றர் சிறிஞ்ச், கோஸ் துணி, பேசின், இரண்டு துவாய், டோர்ச். அயடீன் கரைசல் இருந்தால் நல்லது. அதைத் தண்ணீரில் கலக்கும்போது வெளிறிய பிளேன்ரீ நிறத்துக்கு மேல் போகக்கூடாது.

டெட்டோல், ஹைட்ரஜன் பெரொக்சைட், ஸ்பிரிட் எதுவும் அந்தச் சதையில் படக்கூடாது. மஞ்சள் அப்பச் சொல்லி நாலு பேர் வருவார்கள். மஞ்சள்தூள் ஈரச் சதையில் கட்டியாகிக் காய்ந்து, கழற்றும்போது தோலையும் கொண்டு வரும். மூலத்துக்குப் பூசும் களிம்பைச் சிலர் பூசுவார்கள். அதில் ‘கெயின்’ என்று முடியும் மரப்பு மருந்து கலந்திருந்தால் பறவைக்கு நஞ்சாகலாம். சீனி இருக்கும்போது அது எதற்கு?

3. டோர்ச் வெளிச்சத்தில் ஒரு முடிவு

கோழியைத் துவாயால் சுற்றி, தலையை இடது கக்கத்துக்குள் வைத்து, வால் உங்களைப் பார்க்காமல் முன்னால் நீட்டியிருக்கும்படி பிடியுங்கள். நெஞ்சை இறுக்க வேண்டாம். கோழிக்கு எங்களைப் போல உதரவிதானம் இல்லை. நெஞ்சு விரிந்தால்தான் அதற்கு மூச்சு. இறுக்கிப் பிடித்தே கோழியைக் கொன்ற ஆட்கள் இருக்கிறார்கள்.

சதை இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ, ஈரமாக, கிழியாமல் இருந்தால் வீட்டில் முயற்சி செய்யலாம். கறுத்து, காய்ந்து, நாறினால் அது செத்த சதை. உள்ளே தள்ளினால் உடம்புக்குள் அழுகும். கிழிந்து இரத்தம் நிற்காவிட்டாலும், சதைக்குள் முட்டை உருண்டையாகத் தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். முட்டையை உள்ளே வைத்து உடைக்கவே கூடாது, கோது கீறிவிடும். இந்த மூன்றுக்கும் பெட்டியோடு ஓட்டோவில் ஏற்றி, உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள். மாட்டோடும் ஆட்டோடும் வந்து நிற்கிறவர்கள் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

4. கழுவல்

ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, அதாவது தேக்கரண்டியால் மட்டமாக ஒன்றரை. வெறும் தண்ணீரைப் போல இது சதையை எரிக்காது. சூடு 38 பாகை செல்சியஸ் அளவு போதும். வெப்பமானி இல்லாவிட்டால் முழங்கையை விட்டுப் பாருங்கள். குழந்தை குளிக்க வார்க்கிற சூடு. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தவர்களுக்குத் தெரியும், ஏழு கிணற்றிலும் சூடு ஒன்றுபோல் இராது. அதில் அள்ளி ஊற்றியதும் ‘ஆ’ என்று சொல்ல வைக்கும் கிணறு இங்கே வேண்டாம். சுகமாக இருக்கிற கிணறுதான் கணக்கு. (மாமி கன்னியாத் தண்ணியே எடுத்து வரச் சொன்னார். வேண்டாம் மாமி, உப்பும் கேத்திலும் போதும்.)

பேசினில் கோழியின் பின்பாதி மட்டும் அமிழும்படி 15 நிமிடம் இருத்துங்கள். முதல் இரண்டு நிமிடம் அடித்துக்கொள்ளும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இருக்கும். சிவத்தி நித்திரையே கொண்டாள். ஊறிய பிறகு சிறிஞ்சால் உப்புத் தண்ணீரை மேலிருந்து கீழாக மெதுவாகப் பீச்சுங்கள். மணலைத் துணியால் துடைக்காதீர்கள். துடைத்தால் அரத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. பீச்சித்தான் எடுக்க வேண்டும், ஒவ்வொரு பருக்கையாக. எனக்கு இதற்கே முக்கால் மணித்தியாலம் போனது. மடிப்புகளுக்குள் ஒளிந்த மணல்தான் பிறகு எரிச்சல் தந்து கோழியை முக்க வைக்கும். முக்கினால் எல்லாம் திரும்ப வெளியே வரும். கடைசியாக அயடீன் தண்ணீரால் ஒரு தடவை கழுவி விடுங்கள்.

5. சீனி

வெளியில் வந்த சதைக்குள் நீர் கோத்து வீங்கியிருக்கும். வாசல் சின்னது, வீங்கிய சதை பெரியது. அப்படியே தள்ளினால் கிழியும். மூன்று மேசைக்கரண்டி சீனியில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, கோஸ் துணியில் பரப்பி, சதையை மூடிப் பிடியுங்கள். ஊறுகாய்க்கு உப்புப் போட்டால் காயிலிருந்து நீர் விடுகிறதல்லவா, அதே வேலை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் பாகாக வடியும். எலுமிச்சம்பழமாக இருந்தது என் கண் முன்னே நெல்லிக்காயாகச் சுருங்கியது. சுருங்காவிட்டால் புதுச் சீனியோடு இன்னொரு தடவை. தேனும் இதே வேலையைச் செய்யும், ஆனால் கடைத் தேனை நான் நம்புவதில்லை.

பிறகு சீனி ஒரு துளியும் இல்லாமல் உப்புத் தண்ணீரால் கழுவுங்கள். நான் வால் இறகில் ஒட்டியதைக் கவனிக்காமல் விட்டு, இரவு எறும்பு வரிசை கட்டிவிட்டது.

6. உள்ளே விடுவது

கையுறை போட்டு, விரலிலும் சதையிலும் வசலீன் தாராளமாகப் பூசுங்கள். உள்புறம் வெளியே திரும்பிய சட்டைக் கையை எப்படி நேராக்குவோம்? நடுவை முதலில் உள்ளே விட்டால் ஓரம் தானாகப் பின்னால் போகும். அதேபோல, நகம் படாமல் விரலின் தட்டையான பக்கத்தால் நடுவை அமத்துங்கள். கோழி முக்கும்போது தள்ள வேண்டாம். வெளியே வராமல் பிடித்திருந்தால் போதும். முக்கல் விட்டு உடம்பு தளரும்போது கொஞ்சம் தள்ளுங்கள். முழுவதும் போனதும் வாசலை விரலால் ஐந்து நிமிடம் அணைத்துப் பிடியுங்கள். விட்டதும் திரும்ப வந்தால் மனம் விடாதீர்கள். சிவத்திக்கு அன்று மூன்று தரம் செய்தேன். அதற்கு மேலும் நிற்காவிட்டால் வைத்தியரிடம் போக வேண்டும். எச்சம் போக இடம் விட்டு, வாசலைச் சுற்றி ஒன்றிரண்டு தையல் போடுவார். அதை வீட்டு ஊசிநூலில் செய்ய நினைக்காதீர்கள்.

7. இருட்டு

முழு வைத்தியத்திலும் பெரிய பங்கு இதுதான். ஆனால் பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதே இல்லை.

உள்ளே போன சதை ஆற வேண்டுமென்றால் முட்டை வரக்கூடாது. ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணித்தியாலம். அதில் 20 மணித்தியாலமளவு கோது கட்டவே போகும். அப்படியென்றால் நீங்கள் உள்ளே தள்ளுகிற நேரத்தில் அடுத்த முட்டை பாதி வழியில் இருக்கலாம். அது வரும்போது எல்லாம் திரும்ப வெளியே வரக்கூடும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ அப்படி நடந்தால், நான்காம் படியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். அதற்குப் பிறகு வருகிற முட்டைகளை நிறுத்துவதுதான் எங்கள் கையில் இருக்கிறது.

கோழி முட்டையிடுவதை வெளிச்சம் தீர்மானிக்கிறது. கண்ணால் மட்டுமல்ல, மண்டையோட்டுக்கூடாகவும் அதன் மூளை வெளிச்சத்தை உணரும். திருகோணமலையில் வருசம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணித்தியாலத்தை ஒட்டியே இருப்பதால், மாரியில்கூடப் பகல் குறைந்து முட்டை தானாக நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நாங்கள்தான் இருட்டாக்க வேண்டும். காலை 9 மணியிலிருந்து பின்னேரம் 5 மணி வரை நிழல் வெளிச்சம். மற்ற நேரம் முழுக்க இருட்டு. எட்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளிச்சம் வேண்டாம். ஒரு கிழமை, பத்து நாள் இப்படி வைத்தால் பெரும்பாலும் முட்டை நின்றுவிடும்.

ஆனால் இருட்டென்று பெட்டியை இறுக்கி மூடிவிடாதீர்கள். சிவத்திக்கு வருத்தம் வந்தது கச்சான் காலம். கொறிக்கிற கச்சான் இல்லை, ஆனி ஆடியில் காட்டுப் பக்கமிருந்து நெருப்பாக அடிக்கிற கச்சான் காற்று. அந்த வெக்கையில் மூடிய பெட்டி அடுப்புத்தான். நான் சாமான் அறை யன்னலுக்குக் கறுப்புப் பருத்திச் சேலையை மடித்துக் கட்டினேன். காற்று வரும், வெளிச்சம் வராது. கோழி வாயைத் திறந்து இளைத்தால் இடத்தை மாற்றுங்கள்.

8. தீன்

பட்டினி போட வேண்டாம். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். லேயர் மாஸை (முட்டைக் கோழிக்குக் கடையில் விற்கும் தீன்) அளவாக வைத்து, பொன்னாங்காணி போலக் கீரைகளை நறுக்கிப் போடுங்கள். சோளத்தையும் மிச்சச் சோற்றையும் தேங்காய்ப்பூவையும் நிறுத்துங்கள். சிவத்திக்கு வருத்தம் வரக் காரணமே அதுதான் என்பது என் எண்ணம். செல்லம் என்று சம்பல் திருவிய மிச்சமெல்லாம் அவளுக்குத்தான். கொழுப்பு வைத்த கோழிக்கு முட்டை வரும் வழி நெருக்கம். சுண்ணச்சத்துக் குறைந்தால் தசைக்கு இழுக்கப் பலம் இல்லை. இரட்டைக் கரு முட்டை, வயதுக்கு முதல் முட்டையிடத் தொடங்கிய பேடு, இவையும் காரணம். கடற்கரையில் பொறுக்கிய சிப்பியை நன்றாக அலசி, உப்புப் போக்கி, இடித்துத் தனிச் சிரட்டையில் வையுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு அல்ல. அது வாயை வேக வைக்கும்.

9. காவல்

ஒரு நாளைக்கு நாலு தரம் வாலைத் தூக்கிப் பாருங்கள். எச்சம் போகிறதா, அதில் வெள்ளைப் பகுதி இருக்கிறதா என்று கவனியுங்கள். அரை நாளாக எச்சம் இல்லையென்றால், அல்லது தீனைத் தொடாமல் கண்ணை மூடிக் கூனி நின்றால், வைத்தியரிடம் போக வேண்டும். ஈ மொய்க்காமல் வலை கட்டுங்கள். ஈ முட்டையைக் கண்டால் சிறு சாவணத்தால் எடுத்து உப்புத் தண்ணீர் அடியுங்கள். புழு உள்ளே போயிருந்தால் அது வீட்டு வேலை இல்லை. அன்ரிபயோட்டிக்கை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வைத்தியர் தந்தால், எத்தனை நாளைக்கு முட்டை தின்னக்கூடாது என்றும் அவரிடமே கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

எல்லாக் கோழியும் பிழைக்காது. சதை கறுத்து, வைத்தியரும் கிடைக்காத நிலையில், வருத்தத்தை நீட்டாமல் ஒரே நிமிடத்தில் முடித்துவிடுவதும் இரக்கம்தான். மாமி சொன்னது முழுக்கப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். அவர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார், அவ்வளவுதான்.

10. திரும்பக் கூட்டுக்குள்

சிவப்பு முழுக்க மறைந்து, ஒரு கிழமை வெளியே வராமல் இருந்தால், பொழுதுபட மற்றவை அடைந்த பிறகு கூட்டில் ஏற்றிவிடுங்கள். மறுநாள் காலை ஒரு மணித்தியாலம் பக்கத்தில் நில்லுங்கள். புதிதாக வந்த கோழி மாதிரி நாலு கொத்து விழும்; பின்பக்கம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவத்தி ஐந்தாம் கிழமை முட்டைப் பெட்டிக்குள் ஏறிக் குந்தினாள். நான் டோர்ச்சோடு பின்னால் போய்க் குந்தினேன். திரும்பி ஒரு முறை முறைத்தாள். முட்டை விழுந்தது, பின்னால் சிவப்புத் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். நாலு சொல்ல முதல் உள்ளே போய்விட்டது.