கையெழுத்துப் போட்ட அரசிடம் கணக்குக் கேட்பது எப்படி?

"ஜனநாயகத்தை மதியுங்கள்" என்று அரசுக்குப் பொதுவாக எழுதினால் பதில் வராது, வந்தாலும் நன்றிக் கடிதம்தான் வரும். முதலில் உங்கள் அரசு ஜனநாயகம் பற்றிய எந்தச் சர்வதேச ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது, அதை முறைப்படி ஏற்று உறுதி செய்ததா என்று பாருங்கள். இரண்டும் வேறு வேறு.

ஆப்பிரிக்க நாடு என்றால், 2007இல் ஆப்பிரிக்க ஒன்றியம் ஏற்று 2012இல் நடைமுறைக்கு வந்த ஜனநாயகம், தேர்தல், ஆட்சிமுறைக்கான சாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனநாயக ஆட்சி மாற்றத்தைக் கெடுக்கும் வகையில் அரசியல் சட்டத்தைத் திருத்துவதும் முறைகேடான ஆட்சி மாற்றம்தான் என்கிறது 23ஆம் பிரிவு. சாசனத்தை நிறைவேற்ற என்ன செய்தோம் என்று அரசு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்கிறது 49ஆம் பிரிவு. என்னைக் கேட்டால் இந்த 49தான் நல்ல பிடி. "கடைசி அறிக்கையை எப்போது கொடுத்தீர்கள்? நகல் தாருங்கள்" என்று வெளியுறவு அமைச்சகத்துக்குப் பிரிவு எண்ணோடு ஒரே பக்கத்தில் எழுதுங்கள், அதை மழுப்புவது கஷ்டம். நகலை ஒரு எதிர்க்கட்சி எம்.பி.க்கும் அனுப்பினால் அவர் அதையே நாடாளுமன்றத்தில் கேட்கலாம்.

அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கு 2001இல் லிமாவில் ஏற்கப்பட்ட ஜனநாயக சாசனம் இருக்கிறது.

அப்புறம், கண்டம் போன்ற ஒரு வட்டாரத்து நாடுகளுக்குப் பொதுவான மனித உரிமை ஆணையத்துக்குப் போவதென்றால் பொதுவாக உள்நாட்டு நீதிமன்றங்களை முதலில் முயன்று பார்த்திருக்க வேண்டும். அதனால் மனு, ஒப்புகைச் சீட்டு, தள்ளுபடி உத்தரவு எல்லாவற்றையும் தேதியோடு கோப்பில் வையுங்கள், பதில் வராத மனுக்களையும் சேர்த்து.