கேபிள் செய்த கூத்து

தங்கை கல்யாண வீடியோவை லேப்டாப்பில் எடிட் செய்ய உட்கார்ந்தேன். மூன்று கேமராவின் 4கே காட்சிகளையும் ஒன்றாக ஓட்டினால் நொண்டியடித்தது. ரேமை 8 ஜிபியிலிருந்து 16 ஆக்கினேன். காசு போனதுதான் மிச்சம். சரி, பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணம் என்று வெளியில் இணைக்கும் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) வாங்கினேன். அதுவும் நொடிக்கு 40 எம்பியைத் தாண்டவில்லை!

அப்புறம்தான் உறைத்தது: நான் செருகியிருந்தது போன் சார்ஜர் கேபிள். முனை டைப்-சி என்றாலும் அவற்றில் பலவும் யுஎஸ்பி 2.0 தான், அதாவது நொடிக்கு அதிகபட்சம் 480 மெகாபிட் (எட்டால் வகுத்தால் 60 எம்பி; நடைமுறையில் இன்னும் குறைவு). எஸ்எஸ்டியோடு வந்த குட்டிக் கேபிள் பெட்டியிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. அதை மாட்டியதும் வேகம் 400 எம்பியைத் தாண்டியது.

கொஞ்சம் திக்கல் மிச்சமிருந்தது. எச்.265 என்ற முறையில் இறுக்கிச் சுருக்கிய வீடியோ கோப்புகளை விரிக்க பிராசஸர் படும் பாடு அது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் சின்ன அளவு பிராக்சி (தற்காலிக நகல்) உருவாக்கி வெட்டினேன். இறுதி வீடியோ மட்டும் அசல் கோப்பிலிருந்து.