ஸ்டெப்பர் மோட்டார்: இணைக்கும் முன் கவனிக்க

மின்சாரம் இருக்கும்போது மோட்டார் கம்பியைக் கழற்றாதீர்கள், மாட்டாதீர்கள். மோட்டாரை இயக்கும் ஏ4988 டிரைவர் பலகை அந்த நொடியே கருகிவிடலாம்.

நான்கு கம்பிகளில் ஜோடி எது? இரண்டு முனைகளைச் சேர்த்துப் பிடித்து, தண்டைத் திருகிப் பாருங்கள். இறுகினால் அவை ஒரே சுருள். நிறத்தை நம்ப வேண்டாம், கம்பெனிக்கு ஒரு வழக்கம். மோட்டார் மின் உள்ளீட்டை ஒட்டியே 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வையுங்கள், துருவம் பார்த்து.

அடுத்து மின்னோட்ட வரம்பு. டிரைவர் பலகையின் ஐசிக்குப் (சில்லுக்கு) பக்கத்துக் குட்டி மின்தடையில் ‘ஆர்100’ என்றிருந்தால் 0.1 ஓம்; 1 ஆம்பியருக்கு விரெஃப் (வரம்பைத் தீர்மானிக்கும் மின்னழுத்தம்) 0.8 வோல்ட். ‘ஆர்050’ என்றால் 0.4 வோல்ட்தான். யாரோ சொன்ன எண்ணை அப்படியே வைத்தால் இரட்டிப்பு மின்னோட்டம் பாயலாம். மோட்டாரைக் கழற்றிவிட்டு, பலகையில் விரெஃபை மாற்றும் குட்டித் திருகுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்ட்டிமீட்டரால் அளந்தபடி, பிளாஸ்டிக் திருப்புளியால் மெல்லத் திருகுங்கள்.