சுருண்ட கல்லெல்லாம் நத்தை இல்லை

திருவையாறு பக்கமிருந்து கொள்ளிடம் பாலம் தாண்டி அரியலூர் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே சுருண்ட கல்லாகத் தெரிகிற அம்மோனைட், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்த கடல் உயிரி. அது கணவாயும், சுருள் ஓட்டோடு இன்றும் கடலில் வாழும் நாட்டிலஸும் இருக்கிற தலைக்காலி வகுப்பைச் சேர்ந்தது, நத்தை இனம் இல்லை. மேல் ஓடு உதிர்ந்த இடத்தில், உள்ளே அறை அறையாகப் பிரித்த சுவர் ஓட்டோடு சேர்ந்த கோடு தெரியும், வகை பிரிக்க அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சாதாரண வளைவாகப் போனால் நாட்டிலஸ். முருங்கைக் கீரைக் கொத்து மாதிரி கிளை கிளையாகப் பிரிந்தால் அம்மோனைட், அந்த நெளிவு அவ்வளவு அழகு! கோடு தேய்ந்திருக்கிறதா? சரி, உடைந்த முகப்பைப் பாருங்கள்: அறைகளை ஊடுருவும் மெல்லிய குழாய் வெளிவிளிம்பை ஒட்டியிருந்தால் அம்மோனைட், நடுவாக்கில் இருந்தால் பெரும்பாலும் நாட்டிலஸ்.