பண்டார்தரா காட்டுல ராத்திரி மின்மினி பாக்கப் போறது எப்படி (ஒரு தடவ நல்லா சொதப்பினவ சொல்றேன்)

மே மாசம் பொறந்தா போதும், ஆபீஸ்ல யாராவது வந்து "நீங்க போனீங்களே அந்த மின்மினி இடம், அது எங்க"ன்னு ஆரம்பிச்சிடறாங்க. ஒவ்வொருத்தருக்கா வாட்ஸாப்ல வாய்ஸ் நோட் போட்டு அலுத்துப் போச்சு, அதான் மொத்தமா இங்க எழுதி வச்சிடறேன்.

நாங்க இருக்கறது தாணேல. இடம் மகாராஷ்டிராவுல பண்டார்தரா, கல்சுபாய் மலைக்குக் கீழ, வில்சன் டேம் இருக்கற ஊர். மும்பை நாசிக் ரோட்ல இகத்புரி தாண்டி கோட்டில திரும்பி, பாரி வழியா ஷேண்டி. கூகுள் மேப் இருக்கு, அதனால வழி பத்தி இதுக்கு மேல எழுதல. ட்ரெயின்ல வரவங்க இகத்புரில இறங்கி ஜீப் பிடிச்சுக்கலாம். ஏரியச் சுத்தி இருக்கற முர்ஷேத், பாஞ்சரே, ரத்தன்வாடி, காட்கர் மாதிரி சின்ன ஊர்கள்ல தங்கறது தான் என் சாய்ஸ். டேம் பக்கம் ஹோட்டல் வேண்டாம், அங்க லைட் ஜாஸ்தி.

முதல் வேல: தேதி. இதுல தான் நான் விழுந்தேன்

எல்லாரும் "மே கடைசி வாரத்துல இருந்து ஜூன் பாதி வரைக்கும் போ"ன்னு சொல்லிட்டு விட்டுடுவாங்க. அது சரி தான், மழைக்கு முன்னாடி ரெண்டு மூணு கோடை மழ பேஞ்சு மண்ணு ஈரமாகி புழுக்கமா இருக்கும் பாருங்க, அப்ப தான் இதுங்க வெளிய வரும். ஆனா யாருமே நிலாவப் பத்தி சொல்ல மாட்டாங்க. நாங்க 2023 ஜூன் 3, சனிக்கிழமன்னு மட்டும் பாத்து ஒரு டூர் பஸ்ல சீட் போட்டு போனோம். மறுநாள் பௌர்ணமி! போய் இறங்கினா காடு முழுக்க பால் ஊத்தின மாதிரி வெளிச்சம், கீழ கிடக்கற கூழாங்கல்லு கூட தெரியுது. அங்கங்க ஒண்ணு ரெண்டு மின்னிச்சு, அதையும் பஸ்ல வந்த அம்பது பேரு போன் டார்ச் அடிச்சே விரட்டிட்டாங்க. திரும்பி வர்ற வழி பூரா வீட்டுக்காரர் ஒரு வார்த்த பேசல.

இதுக்கு நிலா ஆப் எல்லாம் டவுன்லோடு பண்ணாதீங்க, வீட்ல தொங்கற தினசரி காலண்டர் போதும், அமாவாச பௌர்ணமி எல்லாம் அதுலயே இருக்கு. அமாவாசைய ஒட்டி மூணு நாள் முன்ன, மூணு நாள் பின்ன இருக்கற சனிக்கிழமையப் பிடிங்க. அது கிடைக்கலன்னா தேய்பிறை பாருங்க, பௌர்ணமி கழிஞ்சு அஞ்சாறு நாள் ஆயிட்டா நிலா ராத்திரி பத்து பதினொண்ணுக்கு மேல தான் வரும், அதுக்குள்ள நம்ம பாத்து முடிச்சிடலாம். வளர்பிறை தான் ஏமாத்தும், சாயங்காலமே நிலா மேல வந்து உக்காந்திருக்கும். 2024-ல நான் எடுத்தது ஜூன் 8, அமாவாச போய் ரெண்டாம் நாள், மெலிசா ஒரு கீத்து நிலா இருந்துச்சு, அதுவும் ஒம்பது மணிக்குள்ள மறைஞ்சிடுச்சு. அடுத்த நாள் மும்பைல பருவமழை ஆரம்பிச்சிடுச்சு, அவ்ளோ நூலிழைல தப்பிச்சோம். அம்மாகிட்ட போன்ல தேதி சொன்னப்ப "அமாவாசைய ஒட்டி ராத்திரில காட்டுக்குள்ள போறாளாம், கேட்டுக்கோங்க"ன்னு அப்பாகிட்ட கத்தினது இங்க வரைக்கும் கேட்டுச்சு.

இன்னொண்ணு, மழை. 2025-ல மே 31-க்கு ரூம் எல்லாம் போட்டு வச்சிருந்தேன், மே 26-ஏ மும்பைக்கு மழை வந்து எல்லாம் ஊத்திக்கிச்சு. பெருமழ பிடிச்சிட்டா இதுங்க பறக்கறது குறைஞ்சிடும், நமக்கும் சேத்துல நடக்க முடியாது. அதனால அட்வான்ஸ் திருப்பித் தர்ற இடமா பாத்து போடுங்க, போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஊருக்கு போன் பண்ணி "காஜவே தெரியுதா"ன்னு கேளுங்க. மராத்தில மின்மினிக்குப் பேரு காஜவா, நிறைய இருந்தா காஜவே.

கைடு

பஸ் டூர் வேண்டவே வேண்டாம், இதுல நான் ரொம்பக் கறார். உள்ளூர் ஆள் ஒருத்தர், நீங்க அதிகபட்சம் எட்டு பேர், அவ்ளோ தான். தங்கற வீட்லயே ஏற்பாடு பண்ணித் தருவாங்க, அங்க இருக்கறவங்க பெரும்பாலும் மஹாதேவ் கோலி ஜனங்க, காடு அவங்களுக்கு வீட்டுக் கொல்ல மாதிரி. இது கல்சுபாய் ஹரிஷ்சந்திரகட் சரணாலயம், அதனால செக்போஸ்ட்ல நுழைவுச்சீட்டு வாங்கணும், ராத்திரி எத்தன மணி வரைக்கும் எந்தப் பக்கம் விடுவாங்கன்னு காட்டிலாகா வருஷா வருஷம் சொல்றது மாறும், கைடுகிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க. கைடு இல்லாம நீங்களா உள்ள போகாதீங்க. கட்டுவிரியன் சுருட்டை எல்லாம் இருக்கற ஊரு.

எங்க கைட "தாதா"ன்னு தான் கூப்பிட்டோம். மராத்தில தாதான்னா அண்ணன். நான் முதல் நாள் கூப்பிடவே கூச்சப்பட்டேன், நம்ம ஊர்ல தாதான்னா யாருன்னு உங்களுக்கே தெரியும்.

என்ன எடுத்துட்டுப் போகணும்

கால மூடின ஷூ, முழுக்கால் பேன்ட், முழுக்கை சட்ட, தண்ணி, ரெயின்கோட். குடை வேண்டாம், கிளைல மாட்டும். கொசு மருந்து விஷயத்துல தான் கவனம், ஸ்ப்ரே அடிச்சுட்டு போனா அது பூச்சிக்கு எதிரான மருந்து தானே, மின்மினியும் பூச்சி தான், அதுவும் ஒரு வண்டு. அதனால முழுக்கை சட்டைய நம்புங்க, தாங்காதுன்னா ரூம்லயே கொஞ்சமா தடவிட்டு கையக் கழுவிடுங்க, காட்டுக்குள்ள நின்னு புஸ்ஸுனு அடிக்காதீங்க.

அப்புறம் சிவப்பு கண்ணாடிப் பேப்பர். ஸ்டேஷனரி கடைல கிஃப்ட் சுத்த விப்பாங்களே அது தான். டார்ச் மேல மூணு மடிப்பா மடிச்சு வச்சு ரப்பர் பேண்ட் போடுங்க. ஒரு மடிப்பு பத்தாது, நான் போட்டுப் பாத்தேன், ஆரஞ்சா வெளிச்சம் வழியுது. சிவப்பு லைட் மோட் இருக்கற ஹெட்லாம்ப்னு ஆன்லைன்ல விக்குது, அத நான் சிபாரிசு பண்ண மாட்டேன், நிறைய மாடல்ல பட்டன அமுக்கினா முதல்ல வெள்ள லைட் வந்துட்டு அப்புறம் தான் சிவப்பு வரும், அந்த ஒரு செகண்டுல எல்லாம் போச்சு. ஏன் போச்சுன்னு அடுத்ததுல சொல்றேன்.

கண்ணப் பழக்கறது: இதத் தாண்டிப் போயிடாதீங்க

2024-ல தேதி சரி, கைடு சரி, எல்லாம் சரி, ஏழே முக்காலுக்கு ஊர விட்டு நடக்க ஆரம்பிச்சோம். எட்டரைக்கு மரங்க இருக்கற இடத்துக்கு வந்துட்டோம், தாதா "அதோ அதோ"ன்னு கை காட்டறாரு, எனக்கு ஒண்ணுமே தெரியல. கூட வந்தவங்க எல்லாம் "ஐயோ"ங்கறாங்க. எனக்கு ஒரு பத்து புள்ளி தெரியுது அவ்ளோ தான். மறுபடி சொதப்பிடுச்சுன்னு அழுகையே வந்துடுச்சு. தாதா கிட்ட வந்து கேட்டாரு, "தாயி, போன் பாத்தீங்களா?" ஆமா, பாத்தேன், நடக்கறப்ப மகன் ஊர்ல இருந்து மெசேஜ் போட்டான், ரெண்டு தடவ எடுத்து பதில் போட்டேன்.

நம்ம கண்ணுல ரெண்டு வகை செல் இருக்கு, பகல்ல கலர் பாக்கறது ஒண்ணு, இருட்டுல மங்கின வெளிச்சம் பாக்கறது ஒண்ணு. இந்த ரெண்டாவது செட் முழுசா முழிச்சுக்கறதுக்கு இருவதுல இருந்து முப்பது நிமிஷம் ஆகும், வெள்ள வெளிச்சம் கண்ணுல பட்டா அதுல இருக்கற நிறமி கரைஞ்சு போய் திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். சிவப்பு வெளிச்சம் அத அவ்வளவா தொடறதில்ல, அதுக்குத் தான் அந்தப் பேப்பர். நான் மெசேஜ் பாத்ததுல என் கடிகாரம் ரெண்டு தடவ பூஜ்யத்துக்குப் போயிருக்கு.

தாதா என்ன ஒரு பாறைல உக்காத்தி வச்சிட்டு, கண்ண மூடச் சொல்லிட்டு, மத்தவங்கள கூட்டிட்டு பத்தடி தள்ளிப் போயிட்டாரு. எவ்ளோ நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியல, தவளச் சத்தம் மட்டும் தான். கண்ணத் தொறந்தா எதிர்ல ஒரு மரம் அடில இருந்து உச்சி வரைக்கும் ஒண்ணா எரியுது, ஒண்ணா அணையுது, அத விட்டுப் பிடிச்சு பக்கத்து மரம் எரியுது, கல்யாண மண்டபத்து சீரியல் லைட்ட யாரோ காட்டுக்குள்ள இழுத்து விட்டுட்டாங்களோன்னு. நான் தென்காசிப் பக்கம், சின்ன வயசுல தென்னந்தோப்புல அங்கொண்ணும் இங்கொண்ணுமா பாத்தது தான் மின்மினின்னு நெனச்சிட்டு இருந்தேன்.

அதனால செய்ய வேண்டியது: ஊர விட்டுக் கிளம்பறப்பவே போன ஸ்விட்ச் ஆஃப் பண்ணி பையோட அடில போடுங்க. சைலன்ட் பத்தாது. வீட்டுக்கு முன்னாடியே "ராத்திரி பத்து மணிக்கு மேல தான் பேசுவேன்"னு சொல்லிடுங்க. ஒரு இடத்துல அர மணி நேரம் அசையாம உக்காருங்க. நடந்துகிட்டே பாக்கற சமாச்சாரம் இல்ல இது.

நடக்கறப்ப

தாதா கால் வச்ச இடத்துலயே கால் வைங்க, பாதைய விட்டு புல்லுல இறங்காதீங்க. பாம்புக்காக மட்டும் இல்ல. மேல பறந்து பறந்து மின்றதுல பெரும்பாலும் ஆணு தான், பொண்ணு கீழ புல்லுலயோ செடிலயோ உக்காந்து பாத்துட்டு, பிடிச்சிருந்தா பதிலுக்கு மின்னும். நம்ம மிதிச்சா போச்சு, டார்ச் அடிச்சா ஆணு குடுக்கற சிக்னல் அதுக்குத் தெரியவே தெரியாது. புழுவா மண்ணுக்குள்ள மாசக்கணக்கா நத்தை, மண்புழு தின்னு வளந்துட்டு, றெக்க மொளச்சு இதுங்க இருக்கறது சில வாரம் தான், அதுக்குள்ள ஜோடி சேரணும். பாட்டில்ல பிடிச்சிட்டு வராதீங்க, குழந்த கேட்டாலும்.

மரங்களப் பத்தி ஒண்ணு. தாதா ஒவ்வொண்ணா பேரு சொன்னாரு: ஹிர்டா, பேஹ்டா, சாதடா, ஜாம்பூள். ஹிர்டான்னா நம்ம கடுக்கா, பேஹ்டா தான்றிக்கா, ஜாம்பூள் நாவல். நெல்லி மட்டும் இருந்திருந்தா திரிபலாவே ஆயிருக்கும்னு வீட்டுக்காரர் சொல்லி அவரே சிரிச்சுக்கிட்டாரு.

போட்டோ

முதல் தடவ போறவங்க கேமராவ ரூம்லயே வச்சிட்டு வாங்க. நெட்ல பாக்கற படம், காடு முழுக்க மஞ்சப் புள்ளியா கொட்டிக் கிடக்குமே, அது அம்பது நூறு ஃபிரேம எடுத்து ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினது. கண்ணுக்கு அப்படித் தெரியாது, கண்ணுக்கு அது துடிக்கும், அது வேற. எடுத்தே தீரணும்னா டிரைபாட், மேனுவல் ஃபோகஸ வெளிச்சம் இருக்கறப்பவே தூரத்துக்கு செட் பண்ணி டேப் ஒட்டிடுங்க, லென்ஸ் எஃப் 2.8 இல்லன்னா அதுக்குக் கீழ, ஐஎஸ்ஓ 1600-ல இருந்து 3200, ஒவ்வொண்ணும் 20 செகண்ட். கேமராவோட ஃபோகஸ் லைட்ட மறக்காம ஆஃப் பண்ணுங்க. அடுக்கறதுக்கு ஸ்டார்ஸ்டாக்ஸ்ங்கற சாஃப்ட்வேர் போதும், இலவசம், போட்டோஷாப் எல்லாம் தேவையில்ல.

பத்து பத்தரைக்கு மின்றது குறைய ஆரம்பிச்சுது, திரும்பிட்டோம். தங்கின வீட்ல பிட்லா (கடல மாவுல செய்யறது), பாக்ரி (ரொட்டி), மிளகா தேச்சா வச்சிருந்தாங்க. தேச்சாவ துவையல்னு நெனச்சு நம்பி அள்ளாதீங்க. காலைல சீக்கிரமே கிளம்பிட்டோம், அன்னிக்கு ராத்திரி இந்தியா பாகிஸ்தான் மேட்ச், வீட்டுக்காரருக்கு அதுக்குள்ள தாணே போயாகணும்.

அப்டேட் 1: ரெண்டு பேரு வந்து திட்டினாங்க, "எல்லாம் செஞ்சோம், கார்ல இருந்து இறங்கினதும் போச்சு"ன்னு. கார் தான் வில்லன். கதவத் தொறந்தா உள் லைட், ரிமோட்ல பூட்டினா நாலு இண்டிகேட்டரும் மஞ்சளா மின்னும், சில கார்ல பூட்டின அப்புறமும் அர நிமிஷம் ஹெட்லைட் எரியும், அத செட்டிங்ஸ்ல போய் ஆஃப் பண்ணலாம். கார ஊருக்குள்ளயே விட்டுட்டு நடங்க, அது தான் சுலபம்.

அப்டேட் 2: ஸ்மார்ட் வாட்ச். கையத் தூக்கினாலே ஸ்க்ரீன் எரியும், அடில பச்ச லைட் வேற துடிக்கும். கழட்டி பைல போடுங்க. ஒருத்தர் பையனுக்கு லைட் எரியற ஷூ போட்டு கூட்டிட்டுப் போயிருக்காரு, ஒவ்வொரு அடிக்கும் பளிச் பளிச்னு.

அப்டேட் 3: "தமிழ்நாட்டுலயே இல்லையா"ன்னு நிறைய கேள்வி. இருக்கு. ஆனைமலை புலிகள் காப்பகத்துல, உலாந்தி சரகத்துல, 2022 ஏப்ரல்ல காடு முழுக்க ஒண்ணா மின்றத பதிவு பண்ணாங்க. ஆனா அது புலிக்காடு, ராத்திரில நம்ம இஷ்டத்துக்கு நடக்க முடியாது, டாப்ஸ்லிப்ல யாராவது காசு வாங்கிட்டு கூட்டிட்டுப் போறேன்னா போகாதீங்க.

அப்டேட் 4: ஒரு அக்கா கேட்டிருந்தாங்க, அப்பாவுக்கு மூட்டு வலி, காட்டுக்குள்ள நடக்க முடியாது, ஆனா பாக்க ஆசப்படறாருன்னு. கூட்டிட்டு வாங்கக்கா. பாஞ்சரே மாதிரி ஊர்ல வீட்டுக்குப் பின்னாடி வயல் ஓரத்துலயே மரங்க இருக்கு, காட்டுக்குள்ள இருக்கற அளவு இருக்காது, ஆனா இருக்கும். ஒரு பிளாஸ்டிக் சேர் கேட்டு வாங்கிப் போட்டு உக்காத்தி வைங்க, வீட்டுக்காரங்ககிட்ட வாசல் பல்ப மட்டும் ஒரு மணி நேரம் அணைக்கச் சொல்லுங்க, கேட்டா அணைப்பாங்க.